மலைமேல் ஜீனோ: பழனிமலை வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி; கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர்; நடுவே கோடைக்கானல். கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ பகுதிநேர நூலகமோ, கதவு திறந்திருந்தால் உள்ளே நுழைந்துவிடும் பழக்கமுள்ள நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு வேண்டுகோள். அடுத்து நீங்கள் நாலு பேர் கூடி ஒரு நாவலைப் பற்றிப் பேசுவதென்றால் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை எடுத்துக்கொள்ளுங்கள். “அதைத்தான் பள்ளிக்கூட நாளிலேயே முடித்துவிட்டோமே” என்பீர்கள். தெரியும். நம்மில் பெரும்பாலோர் அதைப் படித்தது ஜீனோ என்கிற நாய்க்குட்டிக்காக. இப்போது ஜீவாவுக்காக ஒரு தடவை படிக்கலாம் என்கிறேன்.

நிபந்தனை ஒன்று உண்டு. ‘அன்றே சொன்னார் சுஜாதா’ என்று பட்டியல் எடுத்துக்கொண்டு யாரும் வரக்கூடாது. கதை நடப்பதாக அவர் வைத்த காலம் 2020களின் தொடக்கம். அது வந்து போயாயிற்று. குடிமக்களுக்கெல்லாம் எண், ஆதார் வந்துவிட்டது, சரி. பேசுகிற இயந்திரம், அதுவும் வந்துவிட்டது, சரி. என்று கைபேசிக்குக் கைபேசி அட்டவணைகள் சுற்றின. எழுத்தாளனைக் கிளி ஜோசியனாக்கும் வேலை இது. ஜோசியம்தான் பெருமை என்றால், வீட்டுக்கு வீடு இயந்திர நாய் இன்னும் வராததற்கு மதிப்பெண்ணைக் குறைக்கவும் வேண்டியிருக்கும். 1949 ஜூனில் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ஐ, அந்த வருஷம் முடிந்ததும் யாரும் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடவில்லை. பீகாரின் மோதிஹாரியில் பிறந்த அந்த ஆள் அதை எழுதி முடித்தது 1948 இறுதியில். அதே 1948இல்தான் நம் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நீங்கள் உட்கார்ந்து படிக்கிற பெஞ்சுக்கு வேர் அங்கே இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக. இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்: நிலா, சிபி, ரவி, மனோ. எல்லோருக்கும் ஓர் எண். குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். எவ்வளவு நாள் உயிரோடிருக்கலாம் என்பதையும் அரசே தீர்மானிக்கும். நிலாவின் கணவன் சிபி ஒருநாள் காணாமல் போகிறான். வீட்டில் பங்கு கேட்டு ரவி என்பவன் ஜீனோவோடு வந்து சேருகிறான். ஜீனோ இயந்திர நாய். பேசும், கேலி செய்யும், எல்லாவற்றையும்விட முக்கியமாக, படிக்கும். ரவியும் அவன் நண்பன் மனோவும் ஜீவாவை ஒழிக்கத் திட்டம் போடுகிறவர்கள். போய்ப் பார்த்தால் ஜீவா என்று ஓர் ஆளே இல்லை. ஒளியில் செய்த பிம்பம். முதன்முறையாகப் படிக்கப் போகிறவர்கள் மன்னிக்க. இந்த நாவலின் முடிவைத் தெரிந்துகொண்டு படித்தால்தான் அதன் நடுப்பகுதியின் கெட்டிக்காரத்தனம் புரியும் என்பது என் கட்சி.

எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது இது. எங்கள் வீட்டில் இருந்தது புத்தகமல்ல. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வத்தலக்குண்டில் கொடுத்து பைண்டு போட்டது. நடுநடுவே பற்பசை விளம்பரம், துணுக்கு, பக்கத்துப் பக்கச் சிறுகதையின் கடைசிப் பத்தி எல்லாம் இருக்கும். பைண்டர் விளிம்பைச் சீவும்போது தாராளமாகச் சீவிவிட்டார். இடது ஓரத்தில் வரியின் முதலெழுத்து போய்விட்டது. நிலா பல இடங்களில் வெறும் ‘லா’வாக நின்றாள். ஜீவாவின் அரசாங்கம் இரண்டெழுத்தாவது விட்டுவைத்தது.

வத்தலக்குண்டு என்றதும் ஒரு வார்த்தை. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜமையர் பிறந்த ஊர் அது. பி.எஸ். ராமையாவின் ஊர். 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி, விமர்சனம் இல்லாமல் இலக்கியம் வளராது என்று கடைசிவரை பிடிவாதமாக நின்ற சி.சு. செல்லப்பா வளர்ந்த ஊர். மலைக்கு பஸ் மாறுகிற இடம் என்று மட்டும் நினைத்து டீ குடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். வெகுஜனப் பத்திரிகைத் தொடர்கதையைச் செல்லப்பா எந்த இடத்தில் வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பிரதியை வரி வரியாகப் பார்த்துப் பேச வேண்டும் என்ற அவருடைய பாடத்தை இந்த நாவலுக்கும் பொருத்தலாம். தாங்கும்.

இந்த நாவலைக் கோடைக்கானலில் படிப்பதற்குத் தனி நியாயம் ஒன்று இருக்கிறது. உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தென்மாவட்டங்களில் டி.வி. என்றால் முதலில் இலங்கை ரூபவாஹினிதான். கடலோரத்து வீடுகளில் மூங்கிலில் ஆன்டெனாவை உயரக் கட்டி, புள்ளி புள்ளியாக வந்த படத்தை ஊரே உட்கார்ந்து பார்த்தது. பிறகு நம் மலையுச்சியில் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்தது. மதுரையிலும் சிவகங்கையிலும் விருதுநகரிலும் ஓட்டின் மேலும் மொட்டைமாடியிலும் ஏறி, “கோடைக்கானல் பக்கம் திருப்பு, இன்னும் கொஞ்சம், போதும்” என்று கத்தாத வீடு உண்டா? தெற்கே லட்சக்கணக்கான ஆன்டெனாக்கள் நம் மலையையே பார்த்துக்கொண்டு நின்றன. ‘என் இனிய இயந்திரா’ பின்னால் தூர்தர்ஷன் தொடராக வந்தபோது, தெற்கத்தியார் ஜீனோவைப் பார்த்ததும் அந்தக் கோபுரத்தின் தயவில்தான். பிம்பம் ஒன்று நாட்டை ஆள்கிற கதை, பிம்பங்களை இறைக்கிற கோபுரத்தின் வழியே போயிருக்கிறது. பிற்பாடு கோடைப் பண்பலை 100.5 வந்து வெறும் குரலாலேயே தெற்கை வசப்படுத்தியது வேறு கதை. அதில் எனக்குப் புகார் கிடையாது.

எழுதியவர் இயந்திரத்தைக் கண்டு மிரண்டவரும் அல்லர். சுஜாதா என்ற பெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த எஞ்சினியர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்தபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர். அந்த இயந்திரத்தின் ஆரம்பக் கதையைப் பாருங்கள். 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச் சாவடிகளில் அதை முதன்முதலாக வைத்தார்கள். சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அந்தச் சாவடிகளில் மறுபடி வாக்குச்சீட்டோடு தேர்தல் நடந்தது. இயந்திரம் சரியாகக் கணக்குப் போட்டதா என்பது ஒரு கேள்வி. அதை வைக்கச் சொன்னது யார், எந்த அதிகாரத்தில் என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றித்தான் நாவலும் ஓடுகிறது. ஜீவாவின் நாட்டில் கணினிகள் பிழையில்லாமல் வேலை செய்கின்றன. கெட்டது அங்கே இல்லை.

எங்கே என்று கேட்டால் நான் இரண்டு காட்சிகளைச் சேர்த்து வைத்துப் படிக்கச் சொல்வேன். ஒன்று, சிபியைத் தேடி நிலா அலைவது. அரசாங்கக் கணினியைக் கேட்டால் சொல்லிவிடும் என்று நம்பிப் போகிறாள். கணினிக்கு அவனைத் தெரியவில்லை. நேற்றுவரை பக்கத்தில் படுத்திருந்தவன், காபி குடித்தவன், அவனுக்குப் பதிவேட்டில் இடமில்லை. இன்னொன்று, ஜீவா வெறும் பிம்பம் என்று தெரிகிற கட்டம். சுண்டு விரல்கூடக் கிடையாது, ஆனால் நாடு முழுக்க அவர் பெயரில் திருவிழா. உடம்புள்ளவனுக்குப் பதிவில்லை, பதிவுள்ளவனுக்கு உடம்பில்லை. வாரத்தொடருக்கே உரிய ‘அடுத்த வாரம் என்ன ஆகும்’ பரபரப்புக்கு அடியில், சத்தமே போடாமல் சுஜாதா இதைச் செய்திருக்கிறார்.

நம் மலையின் பழைய ராஜாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை எல்லோருக்கும் தெரியும். ஆவியர் குடி, இந்த மலைநாடு அவனுடையது. அவன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியோடு இருந்ததும், கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நாலு புலவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவனிடம் போய் அதைச் சொன்னதும் புறநானூற்றில் இருக்கின்றன. பரிசில் வேண்டாம், நீ முதலில் வீட்டுக்குப் போ என்கிற தொனி. கேட்டானா இல்லையா என்பதைப் பாட்டுகள் சொல்லவில்லை. ஆனால் போய்ச் சொல்ல ஒரு வாசல் இருந்தது, வாசலுக்குப் பின்னால் வெட்கப்படக்கூடிய ஓர் ஆள் இருந்தான். பரணரைக் கொண்டுபோய் ஜீவாவின் முன்னால் நிறுத்துங்கள். எதைப் பார்த்துப் பாடுவார்? ஒளிக்கு வெட்கம் ஏது?

இதற்கு முந்தைய வெளிநாட்டு நாவல்களைப் படித்தவர்கள் கூட்டத்தில் கையைத் தூக்குவார்கள். ரஷ்யாவின் ஸம்யாத்தின் எழுதிய ‘நாங்கள்’ நாவலில் 1920களிலேயே மனிதர்களுக்குப் பெயருக்குப் பதில் எண். 1932இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி குழந்தைகளைக் குப்பியில் உற்பத்தி செய்துவிட்டார். ஆர்வெல்லின் பெரியண்ணனையும் யாரும் நேரில் பார்த்ததில்லை. சரிதான், சுஜாதா எல்லாவற்றையும் படித்தவர். படித்ததை மறைக்கிற வழக்கமும் அவருக்கில்லை. ஆனால் குழந்தை பெற அனுமதி கேட்கிற விஷயத்துக்கு அவர் ஹக்ஸ்லி வரை போக வேண்டியதில்லை. 1975 ஜூனில் தொடங்கி 1977 மார்ச் வரை நீடித்த நெருக்கடிநிலை முடிந்து பத்து வருஷம்கூட ஆகாத காலத்தில் எழுதியது இது. ஆள்பிடித்துக் கருத்தடை செய்த நாட்கள் வடக்கே எல்லோருக்கும் நினைவிருந்தன. இங்கே மஞ்சளில் சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ வாசகமும் ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் காயாமல் இருந்தன. விகடன் வாசகர்கள் நிலாவின் மனுவைப் படித்தபோது எதிர்காலத்தை நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது ஜீனோவுக்கு வருகிறேன். கூட்டத்தில் இதற்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

1953இல் அமெரிக்காவின் ரே பிராட்பரி ‘ஃபாரன்ஹீட் 451’ எழுதினார். அந்த நாட்டில் தீயணைப்புக்காரர்களின் வேலை புத்தகங்களைக் கொளுத்துவது. அவர்களிடம் ஓர் இயந்திர வேட்டைநாய் இருக்கிறது. எட்டுக் கால்கள், மூக்கில் ஊசி. புத்தகம் ஒளித்து வைத்தவனின் வாசனையைப் பிடித்துத் துரத்தும், ஊசியால் குத்தும். அதைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுவார்கள். படிக்கிறவனை வேட்டையாடத் தயாரித்த நாய் அது. முப்பது வருஷம் கழித்து நம்மாளும் ஓர் இயந்திர நாயைச் செய்கிறார். இது வாசகனைப் பிடிக்கவில்லை, தானே வாசகனாகிவிடுகிறது. கிடைத்ததையெல்லாம் படிக்கிறது. படிக்கப் படிக்க, கொடுத்த கட்டளைக்கு அப்பால் யோசிக்கிறது. நிலாவுக்காக வருத்தப்படக் கற்றுக்கொள்கிறது, அல்லது வருத்தப்படுவதாக நடிக்கக் கற்றுக்கொள்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அதுவே கேட்டாலும் ஆச்சரியமில்லை. மனிதர்கள் எல்லோரும் எண்ணோடு சமாதானமாகிவிட்ட வீட்டில், புரட்சிக்காரர்களும் சூழ்ச்சியிலேயே மூழ்கிக் கிடக்கும்போது, உட்கார்ந்து நிதானமாகப் படிக்கிற ஒரே ஜீவன் ஒரு பொம்மை நாய். பிராட்பரி கடைசியில் காட்டுக்குள் புத்தகங்களை மனப்பாடம் செய்து காக்கிற மனிதர்களைக் கொண்டுவந்து ஆறுதல் தருகிறார். சுஜாதா அந்த அளவு மனிதர்களை நம்பவில்லை. அவருடைய ஆறுதல் நாலு காலில் வருகிறது. உலக வரிசையில் இந்த நாவலுக்கென்று ஓர் இடம் இருந்தால் அது இங்கேதான். இரண்டெழுத்துப் பெயரிலும் பிம்ப அரசனிலும் இல்லை.

குறைகளையும் பேசுங்கள். நிலாவை ஆண்கள் பார்க்கிற மாதிரியே கதையும் பார்க்கிறது. அவள் உடை, அழகு, கண்ணீர் எல்லாம் வந்துவிடுகின்றன, அவள் தனியாக என்ன நினைக்கிறாள் என்பது தாமதமாக வருகிறது. கூட்டத்தில் பெண்கள் முதலில் பேசினால் இந்த விவாதம் நேர்ப்படும். ஜீவாவின் நாட்டில் சோறு எங்கிருந்து வருகிறது, யார் விதைக்கிறார்கள், சாக்கடையை அள்ளுவது யார், சாதி எங்கே போயிற்று என்பவற்றுக்கு வரியில்லை. கேரட்டும் பூண்டும் விளைவிக்கிற ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு இது உறுத்தியே தீரும். முடிச்சு விழுகிற இடத்திலெல்லாம் ஜீனோ ஓடிவந்து அவிழ்ப்பது தொடர்கதையின் அவசரம். இதையெல்லாம் சொன்னால் சுஜாதா ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், கூட்டம் களைகட்டும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது ஒருவர் கட்டாயம் ஆரம்பிப்பார்: “கோடைக்கானலுக்கு வரவே இ-பாஸ், இதுவும் ஜீவா ஆட்சிதானே?” இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் வந்த ஏற்பாடு அது. 2025 கோடைக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். மே மாதத்தில் பெருமாள்மலையிலிருந்து நகரம்வரை வண்டியோடு வண்டி ஒட்டி நின்று, பிரசவத்துக்குப் போகிற ஆம்புலன்ஸ் ஒலியெழுப்பிக்கொண்டே நகராமல் நின்றதைப் பார்த்தவர்கள் அதைக் கொடுங்கோன்மை என்று சொல்லமாட்டார்கள். திறந்த நீதிமன்றத்தில் வாதாடி வந்த உத்தரவு, எதிர்த்து மனுப் போட வழியுள்ள உத்தரவு. லாட்ஜ்காரர்களும் கடைக்காரர்களும் எதிர்த்துப் பேசியும் இருக்கிறார்கள். பிடிக்காத விதி ஒவ்வொன்றையும் ‘1984’ என்று அழைத்துப் பழகினால், நிஜமாகவே அது வருகிற அன்றைக்குச் சொல்ல வார்த்தை மிஞ்சாது.

நாவலை நம் ஊரோடு பொருத்திப் பார்க்க ஆசையிருந்தால் வேறு இடங்களில் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக இந்த மலையிலேயே தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியர் வீட்டுப் பிள்ளைகள், தாங்கள் பளியர்தான் என்று சாதிச்சான்றிதழ் வாங்க அலைகிற அலைச்சலைப் பாருங்கள். மலைக்கு அவர்களைத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. அல்லது பாம்பார் சோலைக்கு மேலே இருந்த தெர்மாமீட்டர் ஆலையை எடுங்கள். பாதரசக் கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடைவரை வந்துவிட்டது வெளிப்பட்டு, 2001இல் ஆலை மூடப்பட்டது. தங்கள் உடம்பில் நடந்ததைக் காகிதத்தில் நிரூபிக்கத் தொழிலாளர்கள் பட்ட பாடு அதன் பிறகு தொடங்கியது. உடல்நலத்துக்குக் கேடு விளையவில்லை என்பதே நிறுவனத்தின் நிலையாக இருந்தது. 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பான உடன்பாடு கையெழுத்தானது 2016இல். நடுவிலே பதினைந்து வருஷம். சிபியைத் தேடி நிலா ஒவ்வொரு கவுன்டராக நிற்கிற பக்கங்களை, அந்தக் குடும்பங்களைத் தெரிந்தவர் யாராவது உங்கள் கூட்டத்தில் உரக்க வாசித்தால் நன்றாயிருக்கும்.

கடைசிப் பகுதிக்கு மட்டும் ஒரு தனிக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். ஜீவா பிம்பம் என்று தெரிந்தவுடன் ரவியும் மனோவும் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: திரையை அணைத்துவிட்டு, ஜனங்களிடம் உள்ளதைச் சொல்லுவது. அவர்கள் அதைச் செய்யவில்லை. திரை நல்ல திரை, எதற்கு வீணாக்க வேண்டும் என்பதுபோல, அதன் முன்னால் நிலாவைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கொஞ்சம் முன்புவரை கணவனைத் தேடி அழுதவள் மகாராணி. பின்னால் கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் இவர்கள். ஆர்வெல்லின் நாவலில் கட்சி ஜெயித்தது, நாயகன் தோற்றான், முடிந்தது. இங்கே புரட்சி ஜெயித்துவிட்டது, அதனால்தான் பயம் அதிகம். ஜனங்கள் கேட்டிருந்தால் நம்பியிருப்பார்களா, அல்லது ஜீவா இல்லை என்று சொன்னவனை அடித்திருப்பார்களா? என் பதில் எனக்கு உண்டு. கூட்டத்தில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பார்த்த பிறகு சொல்கிறேன்.

அடுத்த பாகமான ‘மீண்டும் ஜீனோ’வைச் சூட்டோடு சூடாக எடுத்துவிடாதீர்கள். ஒரு மாதமாவது போகட்டும். அதில் கதை வேகமெடுத்து, முதல் பாகம் எழுப்பிய சங்கடத்தை மறக்கடித்துவிடும். புத்தகம் உங்கள் நூலகத்தில் இல்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். மேல்மலைக்காரர்கள் இரவல் வேண்டுமென்றால் என் பைண்டு பிரதியைப் பூம்பாறை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். முதலெழுத்துகளை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். ஏழாவது அத்தியாயத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இழுத்துப் பிரிக்காதீர்கள், ஆவி காட்டினால் போதும்.

அன்புடன்,
கீழ்மலை வாசகன் ஒருவன்
பண்ணைக்காடு